தரை காயும்வரை

முதலில் சத்தம்தான் கேட்டது அக்கா. இருட்டிக் கொஞ்ச நேரம் இருக்கும். அடுப்படியில் அரிசி டிரம்முக்குள்ளிருந்து ர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். நிற்கும். மறுபடியும் ர்ர்ர்ர். என் மாமி கையில் விளக்குமாற்றை எடுத்துவிட்டார்கள்.

"பெருச்சாளி உள்ள பூந்திட்டு. ஏல டென்னிஸ், நீ மூடியத் தூக்கு. நான் ஒரே போடா போடுதேன்."

டென்னிஸ் என் வீட்டுக்காரர், மாமியின் மகன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. எவ்வளவு பெரிய கப்பல் வந்தாலும் அசையமாட்டார், பெருச்சாளி என்றால் கட்டில்மேல் ஏறிவிடுவார். மூடியைத் தொடுவதும் கையை எடுப்பதுமாக நின்றார். நான் வாயே திறக்கவில்லை. இதோ மடியில் இருக்கிறானே, என் மகன் ஜெர்வின், இவன் மட்டும் கைதட்டிக்கொண்டு "அம்மா போன், அம்மா போன்" என்றான். ரெண்டரை வயசு. இதுகளை வைத்துக்கொண்டு எதையும் ஒளிக்க முடியாது.

ஆமாம், போன்தான். நான்தான் அரிசிக்குள்ளே புதைத்து வைத்திருந்தேன். அணைத்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அணைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போட்டுப் பார்த்துவிடுவேன் இல்லையா? அரிசிக்குள் என்றால் தோண்ட வேண்டும். அந்தச் சோம்பலை நம்பித்தான்.

நீங்கள் உட்காருங்க அக்கா. உங்கள் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றீர்களே. எனக்கும் இருக்கிறது. இந்தக் கழிப்பறையை இப்போதுதான் கழுவிவிட்டார்கள். ஈரத்தில் என் நாற்காலிச் சக்கரம் வழுக்கும். தரை காய்ந்ததும் உள்ளே போகணும். அதுவரைக்கும் பேசிக்கொண்டிருக்கலாம். எனக்குப் பேசாமல் இருக்கவே வராது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

காலுக்கு என்ன ஆச்சு என்று கேட்கத்தானே பார்த்தீர்கள்? கேளுங்கள், எல்லோரும் கேட்பதுதான். காலேஜ் படிக்கும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய் விழுந்தேன். முதுகெலும்பு. அவ்வளவுதான். கல்யாணம், பிள்ளை எல்லாம் அதற்கு அப்புறம். இதுவும் கேட்பார்கள், அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

சொல்ல வந்தது அது இல்லை. இந்தக் கதவு.

பஸ் ஸ்டாண்டில் இந்தக் கழிப்பறையைக் கட்டித் திறந்தபோது ரிப்பன் வெட்டினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். நீலப் பலகையில் சக்கர நாற்காலிப் படம், பளபளவென்று சாய்வுத்தளம், கைப்பிடி எல்லாம் ஜோர். முதல் தடவை வந்து பார்த்தேன், பூட்டு. பூ விற்கிறவர்களின் கூடை உள்ளே இருக்கிறதாம். கெஞ்சிச் சாவி வாங்கித் திறந்தால், கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. நான் நாற்காலியோடு உள்ளே போனால் கதவை மூட இடமே இல்லை. தாழ்ப்பாளோ, உங்களை மாதிரி நிற்கிறவர்களுக்கே கையை உயர்த்த வேண்டிய உயரத்தில்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை அக்கா. அம்மா வீட்டுக்குப் போகணும். இங்கிருந்து பஸ்ஸில் அரை நாள். புதிதாகத் தாழ்தளப் பஸ் விட்டிருக்கிறார்கள், பலகையைச் சாய்த்தால் நானே ஏறிவிடுவேன். ஆனால் இங்கேயே போய்விட்டு ஏறினால்தான் உண்டு. முன்னெல்லாம் முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புவேன். அப்படிப் போய்ப் போய்ச் சிறுநீரகத்தில் கிருமி ஏறி, ஆஸ்பத்திரியில் படுத்தேன். "இனி அடக்கினால் என்னிடம் வராதே" என்று டாக்டரம்மா திட்டிவிட்டார்கள். அதோடு அம்மா வீடும் நின்றது. இவன் நடக்க ஆரம்பித்ததை என் அம்மா போனில்தான் பார்த்தார்கள்.

சரி, மூட முடியாத கதவோடு என்ன செய்வேன்? என் மாமி வாசலில் ஒரு போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே மட்டும் இல்லை, கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும். போர்வை என்ன, கதவா? காற்றடித்தால் பறக்கும். அவசரத்தில் வருகிறவர்கள் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதனால் நான் உள்ளே இருந்து பேசிக்கொண்டே இருப்பேன். சத்தமாக. ஆள் இருக்கிறது என்று தெரியணுமே. பேச ஒன்றும் இல்லையென்றால் கோவில் பாட்டு, அதுவும் தீர்ந்தால் வாய்ப்பாடு. பதினாறாம் வாய்ப்பாடு எனக்குத் தலைகீழாக வரும். என் வாய் மூடாததற்குக் காரணம் இதுதான் அக்கா, வேறு ஒன்றும் இல்லை.

ஒருநாள் எரிச்சலில், மாமி போர்வையோடு நிற்பதையும் கதவு சக்கரத்தில் இடிப்பதையும் போனில் பிடித்து பேஸ்புக்கில் போட்டேன். கீழே ரொம்ப மரியாதையாக, "இந்தக் கதவை யார் மூடுவது? தயவுசெய்து பதில் கூறவும்" என்று எழுதினேன்.

பதில் கூறினார்கள். ஊரே கூறியது.

"வீட்டுல கிடக்க வேண்டியதுதானே, பஸ் ஸ்டாண்டுல என்ன வேலை?" "லைக்குக்காக வீல்சேர்ல உக்காந்து நடிக்குது." "கக்கூஸைப் போய் வீடியோ எடுக்குது, மானம் இல்லையா?" "கஷ்டம்கிற, லிப்ஸ்டிக் மட்டும் கேக்குதோ?"

நான் கான்வென்டில் படித்தவள். எங்கள் சிஸ்டர் பெனடிக்டா ஒன்றை மட்டும் பிரம்பை வைத்துப் பழக்கினார்கள். ஒருவர் எழுதினால் பதில் எழுதவேண்டும், நன்றி சொல்லித் தொடங்கவேண்டும். அந்தப் பழக்கம் விடுமா? ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து எழுதினேன். "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி சகோதரரே. வீட்டிலேயே இருந்தால் அம்மாவைப் பார்க்க முடிவதில்லை." "நன்றி சகோதரி. நடிப்பாக இருந்தால் இந்நேரம் எழுந்துபோய் அந்தப் பூட்டை உடைத்திருப்பேன்." "நன்றி. அது லிப்ஸ்டிக் அல்ல, பீட்ரூட் பொரியல்."

நான் எழுத எழுதக் கூட்டம் கூடியது. என் வீட்டுக்காரர் ஆபீஸில் ஒரு பையன் விளக்கினானாம். யாராவது பதில் போட்டுக்கொண்டே இருந்தால், இங்கே ஏதோ விசேஷம் நடக்கிறது என்று பேஸ்புக்கே அதைத் தூக்கிக்கொண்டு போய் இன்னும் நாலு பேரிடம் காட்டுமாம். "உங்க வீட்டுல நன்றி சொல்றதை நிறுத்தச் சொல்லுங்க சார், தானா அடங்கிரும்" என்றானாம். எனக்கு எப்படித் தெரியும்? சிஸ்டர் அதைச் சொல்லித்தரவில்லையே.

என் பக்கமும் ஆள் இருந்தது. ஒரே ஒரு ஆள். மிக்கேல் என்று பேர், சாத்தானைக் காலில் போட்டு மிதிக்கிற சம்மனசு, அந்தத் தேவதூதர் படம். எங்கள் வீட்டு வாசலுக்கு மேலேயும் அதே படம்தான் மாட்டியிருக்கிறது. எங்கள் ஊரில் பாதி வீட்டில் இருக்கும். அவன் எழுதுவதில் முற்றுப்புள்ளி கிடையாது, வாயால் சொல்லிப் போனையே எழுத வைக்கிறவன் போல மூச்சு விடாமல் வரும். ஒன்று எனக்கு மனப்பாடம். "ஏல கருவாட்டுக்கு உப்பு காணாத பயலே நீ உங்க அம்மை வயித்துக்குள்ள இருந்து நடந்தா வந்தே அந்தப் புள்ளைய இன்னொரு வார்த்தை சொன்னே உன் தொண்டையில பாறை மீன் முள்ளு குத்திரும் ஏட்டி குக்கர் மூணு விசில் ஆயிட்டு அணைச்சிரு."

ஏன் சிரிக்கிறீர்கள்? எனக்கும் அந்தக் கடைசி வரி புரியவில்லை. அவன் வீட்டிலும் அந்நேரத்துக்குத்தான் குக்கர் வைப்பார்கள் போல. எவனோ துறைமுகத்து முரட்டுப் பையன். வாயைத் திறந்தால் அசிங்கம், ஆனால் மனசு தங்கம். மாமியிடம் படித்துக் காட்டினேன். "யாரோ நல்லாப் பெத்த புள்ளை" என்றார்கள், அவ்வளவுதான்.

மாமி மேல் எனக்கு அதுதான் குறை அக்கா. போர்வை பிடிப்பார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இத்தனை பேர் என்னை ஏசும்போது ஆறுதலாக ஒரு வார்த்தை? கிடையாது. கருவாட்டுக் கடையை அடைத்துவிட்டு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். ஜெபமாலையாம். கீழே வரைக்கும் சத்தம் கேட்கும், அப்படி ஆவேசமாகச் சொல்வார்கள். சில சமயம் ஜெபத்துக்கு நடுவிலேயே அங்கிருந்து என்னை அதட்டுவார்கள், அதை அணை, இதை மூடு என்று. பக்தி இருக்கலாம், கூடவே பெற்ற பிள்ளை மாதிரி நினைக்கிற மனசும் வேண்டும் இல்லையா?

சரி விடுங்கள். அரிசி டிரம்முக்கு வருகிறேன்.

நடிக்கிறாள், மானமில்லை, இதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. ஒருநாள் ஒருவர் எழுதினார். பேர் கிடையாது, ஒரு மலைப் படம் மட்டும். "இது ஒண்ணுக்குப் போகவே ஒரு ஆள் துணை வேணும். இதுக்கு ஒரு பிள்ளையா? அந்தக் குழந்தையைக் காப்பகத்துல ஒப்படைக்கணும். யாராவது புகார் கொடுங்க." அதற்குக் கீழே எத்தனையோ பேர் இதயம் போட்டிருந்தார்கள். அவற்றுக்கும் கீழே இன்னொருவர், ஒரே வார்த்தை. "கொடுத்தாச்சு."

நன்றி என்று அடிக்கக் கை போனது. பழக்கம். அடிக்க முடியவில்லை. அரிசிக்குள் புதைத்தேன்.

டிரம்மிலிருந்து போனை எடுத்து அரிசித் தூசியைத் துடைத்துப் படித்துப் பார்த்தார் என் வீட்டுக்காரர். பிறகு, "வீடியோவை பேஸ்புக்குல இருந்து எடுத்திரு அக்ஸி. கதவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். புள்ளை நம்மகிட்ட இருந்தாப் போதும்" என்றார். என் பேர் அக்ஸிலியா, வீட்டில் அக்ஸி. மாமி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார்கள். ஜெபம் அன்றைக்கு ரொம்ப நேரம் நடந்தது.

வீடியோவை எடுப்பதற்கு என்ன, ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். எடுத்துவிட்டால் புகாரும் போய்விடுமா? அந்த யோசனையிலேயே நாளை ஓட்டினேன். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள், நானும் இவனும்தான். எங்கள் வாசல் கதவின் தாழ்ப்பாளும் எனக்கு எட்டாது. நாற்காலியைக் கதவில் முட்டக் கொடுத்து பிரேக்கைப் போட்டு, இவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்து பார்த்தால் பிள்ளை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ரெண்டு வேளையும் தலைக்கு ஊற்றினேன். சளி பிடித்துவிட்டது. இப்போது மூக்கு ஒழுகுகிற பிள்ளையை வந்து பார்ப்பார்களே என்று அந்தப் பயம் வேறு. சிரியுங்கள், சிரியுங்கள். நானும் இப்போது சிரிக்கத்தான் செய்கிறேன்.

கடைசியில் ஒருநாள் சரி, எடுத்துவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். விரல் கிட்டே போய்விட்டது. கதவைத் தட்டுகிற சத்தம்.

"வீட்ல யாரு?" பொம்பளைக் குரல். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பை, பின்னால் ஒரு ஆள். வந்தேவிட்டார்கள் என்று நினைத்தேன். இவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்தே கத்தினேன். "பிள்ளை நல்லாயிருக்கான்! தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு! கீரை கூடச் சாப்பிடுவான்! சளி மட்டும்தான், அதுவும் குளிப்பாட்டினதால!"

 அந்தம்மா வெளியேயிருந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், நான் நகராட்சி இன்ஜினியர். கக்கூஸ் விஷயமா வந்திருக்கேன்."

கக்கூஸ் என்ற வார்த்தை அதுவரைக்கும் என் காதில் அவ்வளவு இனிமையாக விழுந்ததில்லை அக்கா.

சண்முகவடிவு என்று பேர். என்னைவிட ஒன்றிரண்டு வயசு மூத்தவராக இருக்கலாம். உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். கண்ணெல்லாம் தூங்காத கண். "மேடம், அந்த வீடியோவைக் கொஞ்சம் எடுத்திருங்களேன். மேலேயிருந்து போனுக்கு மேல போன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நிக்கவச்சுக் கேக்குறாங்க. போனை எடுக்கவே பயமா இருக்கு."

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. போனைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் நான் ஒருத்திதான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! நான் போட்டதைப் பார்த்து ஒரு ஆபீஸே பயந்துகொண்டிருக்கிறது. விரலை எடுத்துவிட்டேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"கண்டிப்பாக எடுத்துவிடுகிறேன் மேடம். கதவு மூடட்டும், எடுத்துவிடுகிறேன்" என்றேன்.

"கதவு மூடுதே மேடம். பிளான் படிதான் வச்சிருக்கு, நானே மூடிப் பாத்தேன்."

"நான் உள்ளே இருக்கும்போது?"

தம்ளரைக் கீழே வைத்தார். "வாங்க, போய்ப் பாக்கலாம்."

வெளியே போவதா? ஊரெல்லாம் என் முகம் தெரியும். எவன் எங்கே நிற்கிறானோ, எவர் எந்தப் புகாரோடு வருவாரோ. வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் மாமி கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார்கள், யார் சொல்லித் தெரிந்ததோ. கொடியிலிருந்து போர்வையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, "கெளம்புட்டி" என்றார்கள். மாமியிடம் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கிளம்பிவிட்டேன்.

இங்கே வந்து இறங்கினால் டைம் கீப்பர் ஓடி வருகிறார். அதோ அந்தக் கூண்டுக்குள் விசில் வைத்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். நான் சக்கரத்தைப் பின்னால் தள்ளுகிறேன். அவர் போனை நீட்டுகிறார். "மேடம், இது நான்தான். லிப்ஸ்டிக்னு போட்டது. நீங்க பீட்ரூட்னு பதில் போட்டீங்களே! எத்தனையோ வருசமா எத்தனையோ பேருக்கு எழுதுறேன், ஒருத்தரும் எனக்குப் பதில் போட்டதில்லை மேடம்." என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் நன்றி என்றேன். வேறு என்ன சொல்வது? மாமி மட்டும் அவரை மேலும் கீழும் பார்த்து, "உப்பு காணாத பய" என்று வாய்க்குள் முனகினார்கள். மிக்கேல் எழுதினதைப் படித்துக் காட்டினேன் இல்லையா, அந்த வார்த்தை மாமிக்கும் பிடித்துவிட்டது போல.

இன்ஜினியரம்மா நிற்க, நான் உள்ளே போனேன். கதவு வழக்கம்போல் பின்சக்கரத்தில் வந்து இடித்து நின்றது.  மாமி பாட்டுக்குப் போர்வையை விரித்துப் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். நான் உள்ளே என் பாட்டுக்குப் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினேன். ஒன்றுக்குப் போகவெல்லாம் இல்லை, வாய் தானாகத் தொடங்கிவிட்டது.

இன்ஜினியரம்மா கதவைப் பார்க்கவே இல்லை அக்கா. மாமியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்க எப்பவும் இப்படித்தான் நிப்பாங்களா?"

"கல்யாணமானதுல இருந்து" என்றேன் உள்ளேயிருந்து.

"கை வலிச்சா மாத்திக்கிடுவேன்" என்றார்கள் மாமி.

அதற்கப்புறம் பிளான் படி என்கிற பேச்சு அந்தம்மா வாயிலிருந்து வரவில்லை. கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினார்கள். இழுத்து மூட ஒரு கைப்பிடி. பூக்கூடை எல்லாம் வெளியேறியது. இத்தனை நாள் நடந்த சண்டைக்கு, வேலை அரை நாள்தான். ஆனால் தாழ்ப்பாளை மட்டும் மறுபடியும் அதே உயரத்திலேயே அடித்துவிட்டுப் போய்விட்டார் ஆசாரி. போன் பண்ணினேன். "எவ்வளவு கீழ வைக்கணும்மா?" என்றார். மடி உயரம் என்றேன். "யார் மடி?" என்றார். என் மடிதான், வேறு யார் மடி!

நேற்றுத்தான் கீழே இறக்கி அடித்திருக்கிறார். இன்றைக்கு முதல் ஆள் நான். காலையிலிருந்து ரெண்டு காப்பி, ஒரு இளநீர், அது போக ஒரு பாட்டில் தண்ணீர். வேண்டுமென்றேதான் குடித்தேன். இங்கே போய்விட்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறுகிறேன், இவனோடு, நான் மட்டும். மாமியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடையில் சரக்கு வருகிறது, எனக்கும் வேலை இருக்கு என்று போய்விட்டார்கள்.

புகார் என்ன ஆச்சு என்கிறீர்களா? இதுவரை யாரும் வரவில்லை. கொடுத்தாச்சு என்றவர் கொடுத்தாரோ இல்லையோ. நாளைக்கே யாராவது வந்தாலும் வரலாம். இல்லை என்று சொன்னால் பொய். ராத்திரி இவன் இருமினால் எனக்கு இன்னும் தூக்கம் போய்விடுகிறது. ஆனால் பாருங்கள், பளிச்சென்றுதான் இருக்கிறான், இல்லையா? மூக்கு கூட இன்றைக்கு ஒழுகவில்லை.

வீடியோவை எடுத்துவிடுவேன் அக்கா. சொன்ன சொல் சொன்ன சொல்தான். எங்கள் அம்மா ஊர் பஸ் ஸ்டாண்டிலும் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறார்களாம். அது எப்படி இருக்கிறதென்று இறங்கினதும் பார்க்கணும். போன் சார்ஜ் முழுசாக இருக்கிறது.

அட, அங்கே பாருங்களேன், பூக்கடைக்குப் பின்னால். நீலச் சேலை, தோளில் மடித்த போர்வை. எங்கள் மாமி மாதிரியே இல்லை? நான் திரும்பினால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். மாமி இல்லை, மாமிக்கு இன்றைக்குச் சரக்கு வருகிறதே. இந்த நீலச் சேலையை எங்கள் ஊரில் பாதிப் பேர் கட்டுவார்கள்.

தரை காய்ந்துவிட்டது. நான் போய் வருகிறேன். இல்லை அக்கா, எழுந்திருக்க வேண்டாம். கதவைப் பிடிக்க ஆள் வேண்டாம். இவனும் என்னோடு வரட்டும், மடியில் இடம் இருக்கிறது. யாரிடமும் விட்டுப்போக மனசு வராது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பையை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க.

அக்கா, இருக்கிறீர்களா? உள்ளே வந்துவிட்டேன். சக்கரம் இடிக்கவில்லை. இதோ இழுக்கிறேன். மூடிவிட்டது அக்கா, முழுசாக மூடிவிட்டது! வெளிச்சம் ஒரு கோடுகூட இல்லை. பதினாறு ஒன்று பதினாறு, ஐயோ, வாய் தானாகப் போகிறது பாருங்கள். தாழ்ப்பாள் இங்கேதான், என் கைக்கு நேரே. ஜெர்வின், தொடாதே. சரி, தொடு. அம்மா கையோடு சேர்த்துத் தள்ளு. இன்னும் கொஞ்சம். ஆ!

கேட்டுச்சா அக்கா? அந்த டக்? அதுதான்.

இனிமேல் நான் பேசமாட்டேன்.